இரண்டு வகுப்பறைக்கான மதிப்பீடு

சீமெந்து எத்தனை அந்தர்,
கம்பி எத்தனை கிலோ,
கூரைத்தகடு எத்தனை சதுரம் என்று
வலயக் கந்தோர்ப் படிவம் கேட்டது.
பனஞ்சிலாகைக்கு அதில் வரி இல்லை.
காற்றுக்கும் இல்லை.
கடைசிப் பக்கத்தில் 'ஏனையவை' என்ற சின்னப் பெட்டிக்குள்
ஒரு பள்ளிக்கூடத்தை மடக்கி வைத்தேன்.

வறுத்தலைவிளான்.
ஆமி விட்டுப்போன காணி.
மூன்றடி செம்மண், அதன் கீழே கல்.
அலவாங்கு பட்டால் கோயில் மணிபோலக் கேட்கும்.
பற்றைக்குள் கூரையில்லாத வீடுகள்,
உடைந்தும் விழாத வெள்ளைக்கல் சுவர்கள்.
"கல்லுக்கு ஏன் மிஸ் லொறி?
வளவுக்குள்ளையே கிடக்கு" என்றார் மேசன் சவரிமுத்து.

கிடந்த கல்லுக்கும் சொந்தக்காரர் இருந்தார்கள்.
ஸ்காபரோவிலிருந்து ஒருவர் குரல்பதிவு அனுப்பினார்:
"எல்லாத்தையும் எடுங்கோ.
குசினிச் சுவரை மட்டும் விடுங்கோ."
ஏனென்று நான் கேட்கவில்லை.
விட்டோம்.
இப்போது பொடியளுக்கு அதுதான் விக்கெட்.

பெற்றார் கூட்டத்தில் கோகிலவதனி எழும்பினா.
"கிடுகுக்குள்ள பெத்தனான்,
தறப்பாளுக்குள்ள வளர்த்தனான்.
ஊருக்குத் திரும்பி வந்த பிறகும்
என்ர பிள்ளைக்கு ஓலையோ?
பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் மாடி!"
என் கையில் வரைபடம் இருந்தது,
வாயில் பதில் இல்லை.
உள்ளூர்ப் பொருள், குறைந்த செலவு, சூழல் என்று
கம்பஸில் படித்த எந்தப் பாடத்திலும்
முகாம் வரவில்லை.

அன்றிரவே கிடுகை அழித்தேன்.
பழைய ஓடு என்று எழுதினேன்.
பனையை அழிக்கவில்லை.

வேலியோரத்தில் வைரித்த பனைகள் பதினொன்று.
மரக்காலையில் மூன்றாவது மரத்தில்
வாள் பல்லு உடைந்தது. உள்ளே சன்னம்.
ஐந்தாவதில் இன்னொன்று.
மரம் அதை மூடி வளர்ந்து
கறுப்பு நாரால் சுற்றி வைத்திருந்தது.
மில்காரர் உடைந்த வாளுக்குத் தனிக் காசு கேட்டார்.
அதற்கும் படிவத்தில் வரி இல்லை.

சுவரை முழுக்க உயர்த்தவில்லை.
இடுப்பளவுக்கு மேல்
கல்லுக்குக் கல் ஒரு கை இடைவெளி,
சோளகம் தென்மேற்கால் நுழைந்து
கரும்பலகையைத் தடவி வெளியே போக.
சவரிமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை.
"பாதியில காசு முடிஞ்சு போன மாதிரி இருக்கு மிஸ்."
பிறகு தானே ஒரு வரிசையைப் பிரித்து
இடைவெளியை இன்னும் கொஞ்சம் அகட்டினார்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்
இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டார்கள்.
பகல் ஒரு மணி.
பழைய தகரக் கொட்டகையில் முப்பத்தெட்டு,
கல்லுக்குள் முப்பத்தொன்று.
மணிக்கு மணி கொப்பியில் எழுதி
பணிப்பாளருக்கு அனுப்பினோம்.
கோகிலவதனி கொப்பியைப் பார்க்கவில்லை.
பள்ளிக்கூடம் விட்டதும்
மகளைத் திருப்பி, சட்டை முதுகைத் தொட்டுப் பார்த்தா.
காய்ந்திருந்தது.
ஒன்றும் சொல்லாமல் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனா.
அடுத்த கூட்டத்திலும் மாடி கேட்டா.

கணக்காய்வாளர் வந்தார்.
தூணைத் தட்டினார், வளையைத் தட்டினார்,
'தற்காலிகக் கட்டடம்' என்று எழுதிக்கொண்டு போனார்.
அவர் தட்டிய கல்லுக்கு
எங்கள் எல்லாருடைய வயதையும் கூட்டினாலும் போதாது.

ஐப்பசி.
தகரத்தின் கீழ் இருந்த காலத்தில்
மழை வந்தால் பாடம் நின்றுவிடும்.
ரீச்சரின் வாய் அசையும், சொல் கேட்காது.
வருசத்தில் பத்துப் பன்னிரண்டு நாள்
பிள்ளைகளுக்கு வானம் தந்த விடுமுறை.
இம்முறை ஓட்டின் மேல் மழை
அடக்கமாகக் கதைத்துக்கொண்டிருந்தது.
கணக்கு ரீச்சர் பின்னத்தை நிறுத்தவே இல்லை.

அளவு பார்க்கப் போயிருந்த என்னிடம்
கடைசி வாங்கிலிருந்து யதுர்சன் கையை உயர்த்தினான்.
"மிஸ், இந்தக் கட்டடத்தில ஒரு பிழை இருக்கு."
"என்ன பிழை?"
"மழை காணாது."

எழுதிக்கொண்டேன்.
ஏனையவையில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.